மிதுஷனைப் பட்டினி போடாதே

நெடுந்தீவு மேற்கு,
புதன்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் துஷாந்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இருக்கிறோம், அங்கே நீங்கள் மூவரும் சுகமாயிருக்க வேண்டுமென்று நயினை அம்மாளை மன்றாடுகிறோம். வழக்கமாக இதற்குக் கீழே மாட்டுக் கதையும் மழைக் கதையும் எழுதுவேன், இன்றைக்கு அது ஒன்றும் இல்லை. இந்த வரியை வாசித்தவுடன் போனை வைத்துவிட்டுப் போய் மிதுஷனுக்குச் சாப்பாடு கொடு. நீ வேலையில் நின்றால் உடனே வீட்டுக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லு. நித்திரையென்றால் எழுப்பிக் கொடு. சோறு வேண்டாமென்றால் சீனி கரைத்த பாலைக் கொடு, அதையும் துப்பினால், அல்லது எழுப்ப எழும்பாவிட்டால், மருமகன் ஜெகதீசையும் கூட்டிக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. நேற்று நான் சொன்ன பட்டினியை மறந்துவிடு. அப்பா பிழையாகச் சொல்லிவிட்டேன். ஏன் பிழையென்பதைத்தான் கீழே எழுதுகிறேன், அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்து வாசி.

நேற்று நீ எடுத்தபோது ஞாயிறு தொடங்கி அவனுக்குக் காய்ச்சல், மூக்கால் ஓடுகிறது, ஒன்றும் வாயில் வைக்கிறானில்லை என்றாய். போன மாதமும் இப்படித் தடிமனோடு கிடந்தவன் ஒரு காலையில் எழுப்ப எழுப்ப எழும்பாமல் துவண்டுபோனதும், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்ததும், டொக்டர் இரத்தம் எடுத்துக்கொண்டு, பதில் வரும்வரை பிள்ளையை வெறும் வயிற்றோடு விட வேண்டாமென்று சொல்லியனுப்பியதும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்திலும் சின்ன வயதில் செத்த பிள்ளைகள் உண்டோ என்று அவர் விசாரிக்கச் சொன்னதை நீ நேற்றுத்தான் சொன்னாய். நான் யோசிக்கக்கூட இல்லை. 'எங்கடை பக்கம் அப்பிடி ஒருத்தரும் இல்லை, எல்லாம் கல்லுப்போல ஆக்கள்' என்று சொன்னேன். அதோடு வாயைப் பொத்தியிருந்தாலும் பரவாயில்லை. 'காய்ச்சலுக்கு ரெண்டு மூண்டு நேரம் பட்டினி போடு, வயித்துக்கு ஓய்வு குடுத்தால் காய்ச்சல் தன்ரை பாட்டிலை இறங்கும், வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது' என்று பெரிய மேதாவியாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த உன் மாமியார், சம்பந்தி சொல்வதுதான் சரி, தானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். உன் கலியாண மண்டபத்தில் தொடங்கிப் பேரனுக்குப் பெயர் வைத்தது வரைக்கும் நானும் அந்த மனுசியும் ஒரு விசயத்திலாவது ஒத்துப்போனதில்லை, கடைசியில் ஒத்துப்போனது இதில்தான்.

போனை வைத்ததும் அம்மா குசினியிலிருந்து வந்தாள். கையில் பாதி துருவின தேங்காய். என்னைப் பார்த்து, 'மூண்டு பிள்ளையளைத் திண்டது காணாதோ உங்கடை பட்டினிக்கு, நாலாவதையும் கேக்குதோ' என்றாள். நாற்பத்தேழு வருடம் என்னோடு வாழ்ந்தவள், ஒரு நாளும் என்னோடு குரலை உயர்த்தாதவள்.

மகளே, உனக்கு முன்னால் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன் ஆரூரன், அடுத்தவள் கஜானி, மூன்றாவது சுஜிதன். மூவரையும் இந்தத் தீவில்தான் புதைத்தோம். தைப்பொங்கலன்று அம்மா வாழையிலையை மூன்று துண்டாக நறுக்கி மூலையில் தனியாகப் படைப்பாளே, அது யாருக்கென்று நீ சின்ன வயதில் கேட்டாய், குலதெய்வத்துக்கு என்று நான் சொன்னேன். அது உன் அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும். இதை முப்பத்துநாலு வயதில் இப்படி ஒரு கடிதத்தில் நீ அறிய வேண்டி வந்ததற்கு நான்தான் காரணம், வேறு ஒருவரும் இல்லை.

என் அப்பு, உன் அப்பப்பா, பரியாரி என்பது உனக்குத் தெரியும். எண்ணெய், கசாயம், பத்தியம் என்று வடக்குக் கரையிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மூன்று நேரம் பட்டினி, கொத்தமல்லித் தண்ணீர் மட்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பட்டினியோடு எழும்பி ஓடினார்கள், அதை நான் கண்ணால் கண்டேன், அதனால்தான் நம்பினேன். எங்கள் பிள்ளைகள் மட்டும் எழும்பவில்லை. ஆரூரனுக்கு ஒன்றேமுக்கால் வயது, எண்பத்தோராம் ஆண்டு மாசி மாதம். சாதாரணத் தடிமன் காய்ச்சல். மத்தியானமும் இரவும் ஒன்றும் கொடுக்கவில்லை. விடிய அம்மா தூக்கும்போது தலை நிற்கவில்லை, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்திருந்தது. அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளம் விடவில்லை. பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. கண்ணூறு என்றார்கள், யாரோ செய்வித்தது என்றார்கள், நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டேன், பட்டினியைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கஜானிக்கு ஒன்றரை வயது. சத்தியும் காய்ச்சலும், குடித்ததெல்லாம் வாயால் வந்தது. இந்த முறை நான் பிந்தவில்லை, அவள் கண் சொருகத் தொடங்கியதும் சைக்கிளில் வைத்து இங்கத்தைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சேலைன் ஏற்றினார்கள். ஏற்றி அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தாள். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி வீட்டுக்கு விடும்போது என்னைக் கூப்பிட்டு, 'ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஏதாவது குடுத்துக்கொண்டிருங்கோ' என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சத்தியெடுத்த வயிற்றில் இவர் எதைத் திணிக்கச் சொல்கிறார் என்று வழி முழுக்க அம்மாவிடம் சிரித்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் காலை கஜானியும் போய்விட்டாள். அந்த மனிதர் சொன்னதைச் செய்திருந்தால் அவளுக்கு இன்றைக்கு நாற்பது வயது கடந்திருக்கும். இதை உன் டொக்டரிடம் கட்டாயம் சொல்லு, சேலைன் ஏற்றினவுடன் அவள் முழித்தாள், மிதுஷன் முழித்ததுபோலவே.

சுஜிதனைப் பற்றி எழுதக் கை வரவில்லை, எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமும் இல்லை. அவனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது, நல்லாய்க் கதைப்பான். உடம்பெல்லாம் கொப்புளம் பொங்கி அவனுக்குக் கொப்புளிப்பான் போட்டது. அது அம்மாள் வருத்தம், அதற்குப் பத்தியம் இன்னும் கடுமை என்று நான் நின்றேன். அவனுக்குப் பசி. 'அப்பா சோறு, அப்பா சோறு' என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். அம்மா மனம் இளகிக் கொடுத்துவிடுவாள் என்று நான் குசினியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வாசலில் இருந்தேன். அவள் என் காலில் விழுந்தாள். நான் அவளைத் திட்டி எழுப்பினேன். பின்னேரம் அவன் கேட்பதை நிறுத்தினான், நான் காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்தேன், நினைத்ததோடு நிற்காமல் அதை அவளிடம் பெருமையாகவும் சொன்னேன். மகளே, நான் கொடியவன் இல்லை. அந்தப் பிள்ளையைத் தோளை விட்டு இறக்காமல் வளர்த்தவன். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவனுக்குச் சோறு கொடுக்காமல் இருந்தேன். விடிந்தபோது அவனும் இல்லை.

பிறகு மூன்று வருடம் கழித்து நீ பிறந்தாய். அடுத்த வருடமே இடம்பெயர்ந்து வவுனியா முகாமுக்குப் போனோம். அங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது, பிள்ளை தங்காத வீடு என்று கைகாட்ட ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. உனக்கும் இரண்டு வயதில் இரண்டு முறை கடுமையான காய்ச்சல் வந்தது, ஒரு முறை கண் சொருகிக் கை கால் விட்டுப்போனது. இரண்டு முறையும் நான் பட்டினி போடச் சொன்னேன். இரண்டு முறையும் நீ எழும்பிவிட்டாய். பார்த்தீர்களோ, பட்டினியின் அருமையை என்று முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் எனக்கு அந்த நம்பிக்கை விடாததற்கு நீதான் காரணம் என்று சொல்லலாம். நீ உயிரோடு நின்றாய், அதுவே எனக்குச் சாட்சி.

நேற்றுத்தான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். நான் விறகுக்கும் நிவாரணத்துக்கும் போகும் நேரம் பார்த்து அவள் பாலில் பனங்கட்டி கரைத்துச் சங்கால் உனக்குப் பருக்கியிருக்கிறாள். பால் இல்லாத நாளில் பனங்கட்டியைச் சீலைத்துண்டில் முடிந்து வாயில் வைத்திருக்கிறாள். நீ கை கால் விட்டுப்போன அன்றைக்கும் கன்னத்துக்குள் பனங்கட்டிப் பாணியைத் தடவித் தடவித்தான் உன்னை எழுப்பினாள். நான் வருமுன் உன் வாயைக் கழுவித் துடைத்துவிட்டுக் கிடத்துவாளாம். நான் பட்டினியின் அருமையை ஊருக்குச் சொல்லும்போது இவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நேற்றுக் கேட்டேன். 'சொன்னால் அதையும் பூட்டிப்போடுவியள் எண்டு பயந்தனான்' என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை, சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறாள், கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

இனி நான் செய்த கடைசிக் கேவலத்தையும் கேள். இன்று காலை உனக்கு எடுத்தேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன். நீ வழமைபோல ஸ்பீக்கரில் போட்டாய். மிதுஷனுக்குச் சாப்பாடு கொடு என்று சொன்னேன். 'அப்பா நீங்கள் சொன்னதெண்டு மாமி நேற்றிரவு வெறும் தண்ணியோடை விட்டிருக்கிறா, இப்ப மாத்திச் சொல்லுறியள்' என்று நீ சலித்துக்கொண்டாய். அதற்குள் சம்பந்தியம்மா, 'ஏன் நேற்று ஒண்டு, இண்டைக்கு ஒண்டு சொல்லுறியள், ஏதும் மறைக்கிறியளோ' என்று கேட்டார். 'இல்லையில்லை, சும்மா சொன்னனான், உங்கடை விருப்பப்படி செய்யுங்கோ' என்று சொல்லிவிட்டேன். பேரனின் உயிர் ஒரு பக்கம், சம்பந்தி என்ன நினைப்பார் என்பது ஒரு பக்கம், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று பார். அம்மா போனைப் பறித்தாள், ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. லைன் வெட்டுப்பட்டது. பிறகு எடுக்க எடுக்க நீயும் எடுக்கவில்லை, ஜெகதீசும் எடுக்கவில்லை, வேலைக்கு வெளிக்கிட்டிருப்பீர்கள்.

அம்மா அப்படியே எழும்பி மேரிஜோசப்பின் என்ற அக்காவின் வீட்டுக்கு நடந்தாள், அந்த முழங்கால் வலியோடு. அந்த அக்கா யாரென்று நீ யோசிப்பாய், இந்தப் பகுதியில் மருத்துவிச்சியாக இருந்து இளைப்பாறியவர், உங்கள் நாலு பேரையும் கையில் ஏந்தியவர். நாங்கள் தீவுக்குத் திரும்பிவந்த பிறகு, உன் கலியாணம் பேசினபோது ஜெகதீசின் மாமன் ஒருவர் எங்களைப் பற்றி விசாரிக்க வள்ளத்தில் வந்தார். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழி முழுக்கச் சத்தியெடுத்து, இறங்குதுறையிலேயே குந்தியிருந்து, கண்ணில் பட்ட அக்காவிடம், குடும்பம் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதே வள்ளத்தில் திரும்பிப் போய்விட்டார். நல்ல குடும்பம் என்று அக்கா சொன்னார். அதற்கு முதல் நாள் நான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டாமென்று கெஞ்சியபோது, 'கேட்டால் பொய் சொல்லமாட்டன் தம்பி, கேளாட்டில் நானாய்ச் சொல்லவும்மாட்டன்' என்றவர் அவர். கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நான் பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து வாசலில் நின்றபடியே, 'மானத்தைப் பிறகு பாப்பம், இருந்து எழுது. நான் எழுதினால் ஆரோ கிழவி எண்டு விட்டிடுவாள், உன்ரை கையெழுத்தை அவள் அறிவாள்' என்றார். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லித் தன் குரலில் உனக்கு ஒரு செய்தி ஏற்கெனவே அனுப்பிவிட்டார், அது வந்திருக்கும். இந்தத் தாள்களை அவர்தான் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறார். எழுதி முடிந்த தாளை முடிய முடிய வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார். முதல் தாளுக்கு நீ இன்னும் பதில் போடவில்லை. பார்த்ததாகக்கூடக் காட்டவில்லையாம். நான் எழுதுவதை நிறுத்தாமல் இருப்பது அதனால்தான், நிறுத்தினால் போனைப் பார்க்க வேண்டி வரும்.

டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லு. மூன்று பிள்ளைகள், மூவரும் காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடந்து விடியற்காலையில் துவண்டுபோய்ச் செத்தார்கள் என்று சொல்லு. நானும் அம்மாவும் சொந்த மச்சானும் மச்சாளும், ஜெகதீசின் அம்மம்மாவும் எங்கள் தீவுக்காரி, அம்மாவின் பக்கத்துக்குத் தூரத்துச் சொந்தம், அதையும் சொல்லு. உனக்கும் சின்னனில் அப்படி வந்து இனிப்புக் கொடுத்ததும் எழும்பினாய் என்று சொல்லு. வருத்தத்தின் பெயர் எனக்குத் தெரியாது, பசியைத் தாங்காத உடம்போடு சில பிள்ளைகள் பிறப்பார்கள் என்று அக்கா ஏதோ வகுப்பில் கேட்டதாகச் சொல்கிறார், அது இதுதானோ என்பதை இரத்தம் பார்த்தவர்கள் சொல்லட்டும். நீயும் இனிக் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணீரோடு கிடக்காதே, முருகன் கோபிக்கமாட்டார். தடிமன் வந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. ஜெகதீசுக்கும் மாமியாருக்கும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டு. பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தான் என்று சொல்வார்கள், உண்மைதான். ஏசட்டும், நான் கேட்டுக்கொள்வேன், எந்த நேரமும் எடுக்கச் சொல்லு. ஜெகதீஸ் நல்ல பிள்ளை, உன்னில் கோபப்பட மாட்டார், பட்டாலும் இரண்டு நாளில் ஆறிவிடுவார். சம்பந்தியம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லு: உங்களுக்குப் பட்டினி முறை சொல்லித்தந்தவர்களின் வீட்டில் பிள்ளைகள் தப்பினார்கள், எங்கள் வீட்டில் தப்பவில்லை, மிதுஷன் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும்வரை தயவுசெய்து அவனுக்குக் கொடுங்கள். நான் அந்த மனுசியிடம் தயவுசெய்து என்று சொல்வது இதுதான் முதல் தடவை என்பதை அவரும் அறிவார்.

கடைசித் தாள் இது. ஆசீர்வாதம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் பெற்றவன் எழுதத்தான் வேண்டும். நீயும் மருமகனும் பேரனும் நீடூழி வாழ வேண்டும், அம்மாள் உங்களைக் கைவிடமாட்டாள். அம்மா தன்னுடைய அன்பையும் எழுதச் சொல்லுவாள் என்று பார்த்தேன், அவள் அக்காவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். ஒன்றை மட்டும் மறக்காதே. அவனுக்குச் சுகம் என்று வாயால் சொல்லாதே, நான் நம்பமாட்டேன். போனை நிமிர்த்தி வைத்து அவன் சாப்பிடுவதைக் காட்டு. ஒரு கரண்டி என்றாலும் காணும். காய்ச்சலோடு கிடக்கிற ஒரு பிள்ளை சாப்பிடுவதை எனக்கு எழுபத்துமூன்று வயதாகியும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஆரூரன், கஜானி, சுஜிதன், துஷாந்தி ஆகியோரின் தகப்பன்
பரராசசிங்கம்